என் வீட்டு விலாசத்தில் போன பிள்ளை

சேவை செய்யும் ஆசையில்தான் எங்கள் சங்கத்தில் சேர்ந்தேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. மாதத்துக்கு இரண்டு தடவை நல்ல சேலை கட்டிக்கொண்டு போக ஓர் இடம் வேண்டியிருந்தது. சங்கத்தில் இரத்ததான முகாம் நடக்கும், கண் பரிசோதனை நடக்கும், வருஷ ஆரம்பத்தில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுப்போம். கூட்டம் முடிந்தால் கட்லட்டும் பால் தேத்தண்ணியும். அங்கே தமிழர் நாங்கள் மூன்று பேர்தான். அதிலும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான் ஒருத்தி. பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை வைத்த ஒற்றை அறைக் காம்பராவில் வளர்ந்தேன். அதை யாரிடமும் மறைத்ததில்லை. யாரும் கேட்கும்படி நடந்துகொண்டதும் இல்லை.

சங்கத்தில் இளைஞர் பரிமாற்றம் என்று ஒரு திட்டம் உண்டு. இங்கிருந்து ஒரு பிள்ளை வெளிநாடு போய், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, ஒரு வருஷம் படித்துவிட்டு வரும். அங்கிருந்து ஒரு பிள்ளை வந்து எங்கள் உறுப்பினர் வீடுகளில் தங்கும். ஒவ்வொரு முறையும் போனது டாக்டர் வீட்டுப் பிள்ளை அல்லது வக்கீல் வீட்டுப் பிள்ளை. ஒரு கூட்டத்தில் எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்று, தோட்டத்துக்குக் கொப்பியும் பென்சிலும் மட்டும்தானா, இந்த இடத்தையும் ஒரு தடவை கொடுத்தால் குறைந்தா போவோம் என்று கேட்டுவிட்டேன். தலைவர் ஓய்வு பெற்ற பொறியியலாளர், சிங்களவர், நல்ல மனிதர். அப்படியானால் பிள்ளையை நீங்களே தேடிக் கொண்டுவாருங்கள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

பிள்ளையைத் தேட வேண்டியிருக்கவில்லை. பசறைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து சனிக்கிழமை தோறும் என் வீட்டுக்கு ஆங்கிலம் படிக்க வரும் பெண் ஒருத்தி இருந்தாள். பதினாறு வயது. அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான் வீட்டுப் பக்கம் வருவார். பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் சொல்லிக் கொடுக்கும் இலக்கணத்தையே என்னிடம் திருப்பிக் கேள்வி கேட்பாள். நேர்முகத் தேர்வில் அவள்தான் முதலாவதாக வந்தாள். என் சிபாரிசு எதுவும் தேவைப்படவில்லை. அவளுக்குக் கிடைத்த இடம் டென்மார்க்.

மிச்சம் இருந்தது ஒரு படிவம். வீட்டு விலாசம் என்ன, எத்தனை அறை, பிள்ளைக்குத் தனி அறை உண்டா, பெற்றோருக்கு என்ன தொழில் என்று கேட்டிருந்தார்கள். உறுப்பினர் ஒருவர் நேரில் போய் வீட்டைப் பார்த்து எழுத வேண்டும். அந்த உறுப்பினர் நான்.

போனேன். பெண்ணின் அம்மா கட்டிலில் புது விரிப்பு விரித்து, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். சாயத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வந்தன. படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, தபால் இங்கே எப்படி வரும் என்று கேட்டேன்.

"ஆபீசுக்குத்தான் வரும் டீச்சர். காலையில வேல பிரிக்கிற பெரட்டுல நிக்கிறப்ப யாராவது ஞாபகம் வச்சுக் குடுத்தா உண்டு. இல்லாட்டி அங்கேயே கெடக்கும்."

லயத்துக்குத் தபால் விலாசம் கிடையாது என்பது எனக்குத் தெரியாததா? விசா கடிதம் தோட்டத்து ஆபீஸ் மேசையில் கிடந்து காலாவதியாகிவிட்டால் என்ன செய்வது? அதனால் என் வீட்டு விலாசத்தைப் போடலாம் என்றேன். அதுவரைக்கும் நியாயம்தான். என் பெயரைப் போட்டு, இவர் மூலமாக என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அதோடு போயிருக்கும். நான் சேர்க்கவில்லை. விலாசத்தை எழுதிய பேனா அப்படியே கீழே இறங்கிப் போனது. அறைகள் மூன்று. பிள்ளைக்குத் தனி அறை, உண்டு. தாயின் தொழில், விவசாயத் துறை. கொழுந்துக் கூடை மாட்டியிருந்த சுவருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் விவசாயத் துறை என்று எழுதினேன்.

யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. தலைவருக்குத் தெரிந்திருந்தால் லயம் என்றே எழுதுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் எங்கள் ஆட்களுக்கு இது பழகிய வேலை. டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டுமானால் டவுனில் ஒரு விலாசம் வேண்டும். நானே பதுளை பஜாரில் மாமா வேலை பார்த்த கடையின் விலாசத்தைக் காட்டிப் படித்தவள். லயம் என்று எழுதினால் நம் பைல் அடிக்குப் போய்விடும் என்ற பயம் ஐந்தாம் வகுப்பிலேயே எனக்குள் புகுந்துவிட்டது. ஓய்வூதியம் வாங்குகிற வயதிலும் அது போகவில்லை.

எழுதியதோடு விட்டேனா? இரண்டு பேரையும் கூப்பிட்டு மிரட்டியும் வைத்தேன்.

"அங்க யாராச்சும் கேட்டா என் வீட்டத்தான் உங்க வீடுன்னு சொல்லணும். வெளிய தெரிஞ்சா பாதியிலயே திருப்பி அனுப்பிருவாங்க."

"பொய் இல்லீங்களா டீச்சர்?" என்றாள் பெண்.

"வெறும் விலாசம்தானே" என்றேன்.

அம்மா பெண்ணின் கையைப் பிடித்து அமுக்கினார். "டீச்சர் சொல்றபடி கேளு."

பெண் போய்ச் சேர்ந்தாள். அடுத்த மாதம் எனக்கு ஒரு செய்தி வந்தது. அவள் தங்கியிருந்த வீட்டுப் பெண்மணிக்கு இவளுடைய குடும்பத்தை வீடியோவில் பார்க்க வேண்டுமாம். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்து வளைவில் நின்றால்தான் சிக்னல் வரும். எப்படியும் பேச வேண்டியது என் வீட்டு ஹாலிலிருந்துதானே. சனிக்கிழமை பிற்பகல் என்று முடிவானது. அம்மா அரைப் பேரோடு, அரை நாள் சம்பளத்தோடு, மலையிலிருந்து இறங்கி, குளித்து, திருவிழாச் சேலையைக் கட்டிக்கொண்டு பசறை பஸ்ஸில் வந்தார். செருப்பை கேட்டுக்கு வெளியிலேயே கழற்றி வைத்துவிட்டார். சோபாவில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

திரையில் அந்தப் பெண்மணி மட்டும் வந்தார். பிள்ளை கடைக்குப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்றார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னவள் நான், கண்ணாடி போட்டவள் நான், வீடும் என் வீடு. நீங்கள்தானே அம்மா என்று என்னிடம் கேட்டார்.

நான் சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

இவர்தான் அம்மா, நான் இவளுடைய டீச்சர் என்று சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? ஒரு வீட்டில் டீச்சர் வந்து உட்கார்ந்திருப்பதில் யாருக்கு என்ன சந்தேகம் வரப் போகிறது? படிவத்துக்குப் பயந்துதான் சொல்லவில்லை என்று பல காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை இப்போது சொல்கிறேன். அப்படி ஒரு பிள்ளைக்கு என்னை அம்மா என்று ஒருவர் நினைத்த அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பிடித்திருந்தது.

அப்படியானால் பக்கத்தில் இருப்பவர் யார் என்று அடுத்த கேள்வி வந்தது. "ஆன்ட்டி" என்றேன்.

ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் தெரிந்த சொல் அது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஏதோ யோசிப்பது தெரிந்தது. அதற்குள் பிள்ளை ஓடி வந்து திரைக்குள் முகத்தை நுழைத்து, "அம்மா!" என்று கத்தினாள். இரண்டு பேரில் யாரைக் கூப்பிட்டாள் என்று பக்கத்தில் நின்ற பெண்மணிக்கு எப்படித் தெரியும்? சாப்பிட்டியா, குளுருதா, தலைக்கு எண்ணெ வக்கிறியா என்று அம்மா கேட்டுக்கொண்டே போனார். நடந்தது எதுவும் பிள்ளைக்குத் தெரியாது.

அன்றைக்கு பஸ் நிலையம் வரை கூடப் போனேன். பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"அவங்களுக்குச் சந்தேகம் ஒண்ணும் வரலீங்களே டீச்சர்?"

இல்லை என்றேன்.

அடுத்த மாதமும் பேசினோம். இந்தத் தடவை அம்மா சோபாவுக்கு வரவில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை எனக்குப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். திரையில் பிள்ளையும் அந்தப் பெண்மணியும் சேர்ந்தே இருந்தார்கள். பெண்மணி கையசைத்து, பின்னால் இருந்தவரைப் பார்த்து ஏதோ சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தன் நெஞ்சில் கையை வைத்து, சிரித்த முகமாக, "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்றார்.

வீட்டில் ஒத்திகை பார்த்திருப்பார் போலிருக்கிறது. அவ்வளவு தெளிவாகச் சொன்னார்.

பிள்ளையின் முகம் செத்துவிட்டது. "அப்புறம் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பேசுவது குறைந்தது. "படிப்பு கூடிப் போச்சு போல" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த வருஷம் எங்களிடம் வந்த வெளிநாட்டுப் பிள்ளையை எல்ல என்ற சுற்றுலா ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கொழுந்து பறிக்கிற பெண்களோடு நின்று அவள் எடுத்துக்கொண்ட படத்தைச் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் போட்டார்கள். நானும் அதற்கு ஓர் இதயம் போட்டேன். தவக்காலத்தில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், கோபப்பட்டேன், புறம் பேசினேன் என்று வழக்கமான பட்டியலை ஒப்புவித்துவிட்டு வந்தேன். இதைச் சொல்லவில்லை.

வருஷம் முடிந்து அவள் திரும்பி வந்தாள். சங்கத்து வேன் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தது, விலாசம் அதுதானே. கேட்டில் வரவேற்பு பேனர் கட்டியிருந்தார்கள். அம்மா விடியற்காலையிலேயே வந்து சமையலுக்குக் கை கொடுத்தார். உறுப்பினர்கள் சாப்பிட்டு, படம் எடுத்து, கலைந்து போன பிறகு குசினியில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம். பிள்ளை வளர்ந்திருந்தாள். முடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தாள்.

"அம்மா ஆன்ட்டின்னு சொன்ன அன்னிக்கே நான் தங்குன வீட்டுக்காரங்ககிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன் டீச்சர்" என்றாள். "லயத்துப் படமும் காட்டினேன். யாரு யாருன்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. திருப்பி அனுப்புற பேச்சே இல்லியாம். வீட்டப் பாத்து யாரயும் அனுப்ப மாட்டாங்களாம்."

நான் சோற்றுக் கரண்டியோடு நின்றேன். அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏம்மா அப்பிடிச் சொன்ன? என்னயப் பெத்தவன்னு சொல்ல ஒனக்கு வெக்கமா? ஒன்னய யாரு அப்பிடிச் சொல்லச் சொன்னது?"

அம்மா என் பக்கம் பார்க்கவே இல்லை. தேங்காய்ச் சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னார். "யாரும் சொல்லல. எனக்காத் தோணுச்சு."

பிள்ளை என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். நான்தான் முதலில் சொன்னேன் என்று சொன்னால் போதும். நாலு சொல்கூட இல்லை. கரண்டியைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன்.

"சரி வாம்மா. பஸ் போயிரும்" என்று பிள்ளை பெட்டியை எடுத்தாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் அந்தப் பெண்மணியிடம் சொல்லிவிட்டேன் என்றாளே. யார் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் என்றாளே. அப்படியானால் ஆன்ட்டி என்று முதலில் சொன்னது யார் என்பதை அந்தப் பெண்மணி இவளிடம் சொல்லாமலா இருந்திருப்பார்? என் குசினிக்குள் வரும்போதே பிள்ளைக்கு அது தெரியும். அவள் கேள்வி கேட்டது அம்மாவிடம் அல்ல. பெற்றவள் என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கும்போதாவது நான் வாயைத் திறக்கிறேனா என்று, எனக்காக அவ்வளவு நேரம் நின்று பார்த்தாள்.