ஞாயிறு பத்தரைக்குக் கடக்கும் செயற்கைக்கோள்

மாசி மாதம் தூத்துக்குடி போனேன். கடல் பார்க்க அல்ல, கடல் தண்ணீர் எடுக்க. துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊர். அங்கே சங்கு குளிக்கும் ஜெரால்டு அண்ணனுக்குச் சில மாதங்களாகக் கடலடியில் கை நீட்டினால் விரல் தெரிவதில்லை. சங்கு தெரியாவிட்டால் அன்றைக்குப் பிழைப்பு இல்லை. ஓர் ஆலையின் கழிவுநீர்க் குழாய்தான் காரணம் என்று புகார் கொடுத்தார். "ஆற்று வண்டல்" என்று அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். ஆறு எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை அல்லவா?

செயற்கைக்கோள் படங்களில்தான் என் வேலை. கலங்கல் குழாயடியில் தொடங்குவது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் செயற்கைக்கோள் கடக்கும் நேரத்திலேயே தண்ணீர் எடுத்து ஒப்பிடாவிட்டால் படத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரையை ஒட்டிக் கடக்கும்.

திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பிறகு ஷேர் ஆட்டோ. சனிக்கிழமை மாலை இறங்கியதும், "நாளைக்குப் பத்தரைக்குக் கடல்ல இருக்கணும்ணே" என்றேன்.

ஜெரால்டு அண்ணன் சிரித்தார். "ஏலே, நாளைக்கு ஞாயித்துக்கெழம. இங்கன ஒரு போட்டும் தொழிலுக்கு எறங்காது. மீறுனா ஊர்க் கமிட்டி அபராதம் போட்டுரும். ஒன் சேட்டிலைட்டுக்குப் பூசை கெடையாதோ?"

தேதி பார்த்த நான் கிழமை பார்க்கவில்லை. அடுத்த முறை வெள்ளிக்கிழமை. புகாரை மறுபடி வைக்க வேண்டிய மீனவர் குறைதீர் கூட்டமோ அதற்கு முந்தின நாள், வியாழன்.

அவர் மனைவி பிலோமி அக்காதான் வழி சொன்னார். "வலை, மூச்சுக் காத்து தார கம்ப்ரசர், மொகக் கண்ணாடி எல்லாத்தையும் கரையில எறக்கிப் போடுங்க. வெறும் போட்டு எப்படித் தொழிலாவும்? கமிட்டிக்காரவ வந்து பாக்கட்டும்."

பூசை முடிந்து வந்த கமிட்டித் தலைவர் படகுக்குள் குனிந்து என் வெள்ளைத் தட்டை எடுத்தார். "இது என்னல, சோறு திங்கவா?"

"கயிறு கட்டித் தண்ணிக்குள்ள விடுவோம் அண்ணாச்சி. எவ்வளவு ஆழத்துல மறையுதோ, அவ்வளவு தெளிவு."

"சரி, போங்க. ஒத்த மீன் ஏறுனாலும் அபராதந்தான்."

பத்தரைக்கு வானில் மேகமே இல்லை. குழாய்க்கு முன்னால் தட்டு ஒரு முழத்தில் மறைந்தது. ஆற்று முகத்தை நெருங்க நெருங்க, இன்னும் ஆழத்தில்தான் மறைந்தது. ஒவ்வோர் இடத்திலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்தோம்.

இந்த வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மேகம் மூடினால் படம் இல்லை. டீசல் செலவை நீங்கள் கொடுங்கள்; மீனவர் தலையில் கட்டுவது ஆராய்ச்சி இல்லை, சுரண்டல். முடிவைத் தமிழில் எழுதி ஊரில் கொடுங்கள். பட்டம் வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்கள் ஏற்கெனவே நிறைய.

வியாழக்கிழமை கூட்டத்தில் ஜெரால்டு அண்ணன் படத்தையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் மேசையில் வைத்தார். "ஆறு இங்கன இருக்கு சார். கலங்கல் அங்கன இருக்கு."

அதிகாரி பாட்டில்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வந்து ஆய்வு பண்றோம்" என்றார்.

"எப்பன்னு எழுதித் தாங்க சார். போட்டு நான் கொண்டாரேன்."

தேதி எழுதிய தாள் கைக்கு வரும்வரை அண்ணன் நாற்காலியை விட்டு எழவில்லை.