கடைசிச் சுற்று மணி

என் அண்ணன் தையல்காரர். வட்டார விளையாட்டுப் போட்டி வந்தால் கடையைப் பூட்டிவிட்டு, கடைசிச் சுற்று மணி அடிக்கப் போய்விடுவார். முன்னால் ஓடி வருபவருக்கு மட்டும்தான் அந்த மணி.

ஒருமுறை ஐயாயிரம் மீட்டரில் எல்லோரும் முடித்த பிறகும் என் மகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தாள். விட்டுவிடலாம் என்று அவள் கால் தளர்ந்தபோது, அண்ணன் மணியைப் பலமாக அடித்தார்.

"முதல் ஆளுக்குத்தானேய்யா மணி?" என்றார் நடுவர்.

"புள்ளைக்கும் இதுதானே சார் கடைசிச் சுத்து!"

மகள் ஓடி முடித்தாள். கடவுளைக் கும்பிட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணனைக் கடைசியாகப் பார்த்த அன்று, பார்க்க வந்தவர்களைக் கிளம்பச் சொல்லி மணி அடித்தது. எழுந்தேன். அண்ணன் சிரித்தார்.

"எங்க போற கழுதை? மணி அடிச்சா இன்னும் ஒரு சுத்து பாக்கி இருக்குன்னு அர்த்தம். உட்காரு."