மீன் செத்த தண்ணீர்

மீன் செத்ததையெல்லாம் பத்திரிகைக்கு எழுதுவார்களா என்று பல வருடங்கள் தயங்கினேன். பச்சைக் குழந்தைகளை நினைத்தே இப்போது எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் குழாய்த் தண்ணீர் நின்றுபோன கோடை அது. மைத்துனரின் மிளகாய்த் தோட்டத்துக் கிணற்றிலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவந்தோம். முருகன் படத்துக்குக் கீழே இருந்த கண்ணாடி மீன்தொட்டியில், பழைய நீரை இறைத்துவிட்டு அதை ஊற்றினேன். சாமி கும்பிட்டுத் திரும்புவதற்குள் மீன்கள் எல்லாம் வாயைப் பிளந்து மல்லாந்துவிட்டன.

அடுப்படியில் என் மனைவி அதே தண்ணீரில் எங்கள் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, குடுத்துராத!" என்று கத்தினேன்.

"கொதிக்க வச்ச தண்ணிதான! ஒங்க மீனு செத்தா எம்புள்ள பட்டினி கெடக்கணுமாக்கும்?"

பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டேன். மைத்துனரைக் கேட்டதற்கு, "கிணத்தடியிலதான் அத்தான் உரச்சாக்க அலசுதோம். மிளகா வத்தல் கட்டணும்லா. அலசுன தண்ணி உள்ளதான் போவுது" என்றார் சாதாரணமாக.

டாக்டரிடம் ஓடினேன். "உரத்திலுள்ள நைட்ரேட் உப்பு அது. கைக்குழந்தை நீலம் பாரித்துச் செத்தே போகும். கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் சுண்டும், உப்பு போகாது" என்றார். கழுகுமலை முருகன்தான் எங்கள் பிள்ளையைக் காத்தான்.

இப்போது கிணற்றடியில் சாக்கு அலசவிடுவதில்லை. தோட்டத்துத் தண்ணீரை எந்தக் கைக்குழந்தைக்கும் கொடுப்பதில்லை. தண்ணீர் திடீரென்று மாறினாலே மீன் செத்துவிடுமாம்; அதனால் மீன்களுக்கும் ஒரேயடியாக நீர் மாற்றுவதில்லை.

பச்சைக் குழந்தை உள்ள வீடுகளில் இதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். 'கொதிக்க வைத்தாலும் போகாது' என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.