ஒன்பதாம் போர்டில் வந்த டிரங்க் கால்

தெருவில் அவளுக்குச் சொந்தப் பெயர் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ‘பட்டாளத்துக்காரனோட அக்கா’ என்றால்தான் பால்காரர் முதல் பேங்க் மேனேஜர் வரை எல்லோருக்கும் தெரியும். போரில் செத்தவனுக்கு அக்காவாக இருப்பதும் ஓர் உத்தியோகம்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில்கூட மாலை போட்டு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்த உத்தியோகத்திலிருந்து மட்டும் யாரும் அவளை விடுவிப்பதாக இல்லை.

அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு டிரங்க் கால் கேட்க வேண்டும். நீளமான அறையில் பெண்கள் வரிசையாக, காதில் ஹெட்போனோடு, ஆளுக்கொரு போர்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். விளக்கு எரிகிற துளையில் ஒயரைச் செருகி, கேட்ட நம்பரோடு இணைக்க வேண்டும். அவளுடையது ஒன்பதாம் போர்டு. வேலையில் சேர்ந்த அன்றே சொந்தக் குரலைக் கழற்றி வைக்கச் சொல்லிவிடுவார்கள். எல்லோரும் ஒரே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல், “நம்பர் சொல்லுங்கள், லைனில் இருங்கள்” என்றுதான் பேச வேண்டும். வீட்டில் தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரலில், “அக்கா, குழம்பை இணைக்கவும்” என்பான். படுக்கையில் கிடக்கும் அப்பா இருமல் வருகிற வரை சிரிப்பார்.

அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. புரட்டிப் போடுவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் அவள் தலையில்தான். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். கப்பலில் வயர்லெஸ் பார்க்கிற ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். கட்டினால் துறைமுகத்து ஊருக்குப் போயாக வேண்டும். அப்பாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

அப்போதுதான் போர் மூண்டது. தம்பி ஒரு நாள் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“ஒரே ஒரு வருஷம் அக்கா. திரும்பி வந்ததும் அப்பா என் பொறுப்பு. நீ பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பு. கப்பல்காரரை அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு.”

“பேச்சு மாற மாட்டியே?”

“உன்கிட்ட பேச்சு மாறிட்டு நான் எங்கே போய் சோறு தின்ன முடியும்?”

அவன் வாயிலிருந்து எது வந்தாலும் சர்க்கரைதான். அவள் நம்பினாள். வயர்லெஸ்காரரும் சரியென்றார். அவள் பச்சை நிறத்தில் ஒரு பெட்டி வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். சம்பளம் வருகிறபோதெல்லாம் ஒரு துண்டோ புடவையோ அதற்குள் போகும்.

வருஷம் முடியப்போகிற சமயம். பல்வலி என்று அழுத தோழிக்காக அவள் மாலை ஷிப்டு பார்த்தாள். ராணுவ முகாம் லைனில் விளக்கு எரிந்தது. ஒயரைச் செருகியதும் “ஹலோ” என்றான். அந்த ஒரு சொல்லே அவளுக்குப் போதுமாக இருந்தது. தம்பி!

“நம்பர் சொல்லுங்கள்” என்றாள், போர்டுக் குரலில்.

“மேடம், எங்க அக்கா அங்கதான் வேலை செய்யறா, ஒன்பதாம் போர்டு. இப்ப டூட்டியில இருக்காளா?”

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கத் திட்டம் போடுகிறான், படவா. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, “இல்லை சார். அவர் காலையில்தான் வருவார்” என்றாள்.

அவன் சைக்கிள் கடை நம்பரைக் கொடுத்தான். கடைக்காரன் அவனோடு ஒன்றாகப் படித்தவன். லைன் சரியாக விழுந்ததும் ஆபரேட்டர் காதை எடுத்துவிட வேண்டும். ஒட்டுக் கேட்டால் வேலை போய்விடும். அவள் எடுக்கவில்லை. நல்ல இடம் பார்த்துச் சொந்தக் குரலில், “டேய் திருட்டுப் பயலே” என்று நடுவில் குதிக்கக் காத்திருந்தாள்.

“உங்க அக்கா லைன்ல இல்லையே?” என்றான் கடைக்காரன்.

“கேட்டுட்டேன், இல்லையாம். டேய், நான் வரலை. இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“கட்டாயப்படுத்தினாங்களா?”

“யாரும் ஒண்ணும் சொல்லலை, நானாத்தான் போட்டேன். இங்க குண்டு விழுந்தாலும் மூச்சு விட முடியுதுடா. அந்த வீட்டுல, அந்த மூத்திர வாடையில, என்னால ஆகாது.”

“அப்ப அக்கா கல்யாணம்?”

“அவ சமாளிச்சுக்குவா, அவளுக்கு எல்லாம் பழகிப்போச்சு. நீயே போய், ‘கெஞ்சிப் பாத்தானாம், விட மாட்டேங்கறாங்களாம்’னு சொல்லிடு. நான் சொன்னா குரல்லயே கண்டுபிடிச்சிடுவா.”

மூன்று நிமிடம் முடிந்தால் ஆபரேட்டர் குறுக்கிட்டுக் கேட்க வேண்டும். அவள் வாயைத் திறந்தாள். எத்தனையோ சொல்ல நினைத்தாள். வந்தது போர்டுக் குரல்தான்.

“மூன்று நிமிடம் முடிந்தது. இன்னும் பேசுகிறீர்களா?”

“போதும். ரொம்ப நன்றி மேடம்” என்றான் தம்பி.

கூடப் பிறந்தவளின் குரலை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கைகழுவிவிட்டதைக்கூட மன்னித்திருப்பாளோ என்னவோ, இதை அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

அன்று அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே சைக்கிள் கடைக்காரன் வந்துவிட்டான். கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

“எவ்வளவோ கெஞ்சினானாம் அக்கா. விட மாட்டேங்கறாங்களாம்.”

உள்ளேயிருந்து அப்பா, “பாவிங்க! எம்புள்ளை என்னைப் பாக்க எப்படித் துடிக்கிறானோ” என்றார். அந்த முகத்தில் வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம். அதைப் பிடுங்க அவளுக்குக் கை வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. கடைக்காரனுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பினாள். அவனும் கூச்சமில்லாமல் குடித்துவிட்டுப் போனான். தம்பி லீவில் வரட்டும், முதலில் ஓர் அறை, பிறகுதான் பேச்சு என்று முடிவு செய்துகொண்டாள்.

அவன் வரவில்லை. ஒரு பாலத்தோடு சேர்ந்து போய்விட்டான் என்று தந்திதான் வந்தது. வயர்லெஸ்காரர் இன்னும் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறிடத்தில் முடித்துக்கொண்டார். பச்சைப் பெட்டியில் அப்பாவின் பழைய விரிப்புகள் குடியேறின. அவர் போகும்வரை, பல வருஷங்கள், “அவனை மட்டும் விட்டிருந்தா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவளும் “ஆமாப்பா” என்று சொல்லிக்கொண்டே துணி மாற்றினாள்.

செத்தவன்மேல் கோபப்படக் கூடாது என்று எந்தப் புண்ணியவானோ சட்டம் போட்டு வைத்திருக்கிறான். அவளுக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. சில சமயம் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசியது நினைவுக்கு வந்து சிரித்துவிடுவாள். சிரித்ததற்காக இன்னும் கோபம் வரும்.

இந்த வருஷம் அவன் படித்த பள்ளிக்கூடத்தில் அவன் படத்தைத் திறந்து வைத்தார்கள். சைக்கிள் கடைக்காரர் மேடையேறினார். தலை முழுக்க நரைத்துவிட்டது, பொய்க்கு மட்டும் வயதாகவில்லை. “கடைசி வரைக்கும் வீட்டுக்கு வரணும்னுதான் துடிச்சான்” என்று குரல் தழுதழுக்கச் சொல்லிவிட்டு, கைதட்டலோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

தலைமையாசிரியை மைக்கை அவளிடம் நீட்டினார். “உங்க தம்பி உங்ககிட்ட கடைசியா என்னம்மா பேசினார்? பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும்.”

அவள் எழுந்து நின்றாள்.

“‘போதும். ரொம்ப நன்றி மேடம்’னு சொன்னான்.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தலைமையாசிரியையும் சிரித்தார். “அக்காவைப் போய் மேடம்னா கூப்பிடுவார்?”

“அன்னைக்கு ஒரு தடவை மட்டும். டெலிபோன்ல, சைக்கிள் கடைக்குப் பேசி முடிச்சப்ப.”

முன்வரிசையில் கடைக்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.