மண்கோட்டையைக் கலைக்காத வருஷம்

தோட்டத்தில் இருந்தவர்கள் இவர்கள். என் மகள், நாலரை வயது. எதிர்வீட்டுப் பெண், ஐந்து வயது. அப்பா அம்மா இருவருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கோயம்புத்தூர்க்காரர்கள். மாடி வீட்டுப் பையன், ஏழு வயது, அப்பா பேங்க். பிறகு நான். படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே மூன்று பேரையும் பார்த்துக்கொள்வேன். மராத்திக்காரர்கள் ஊரான சாங்வியில் எங்கள் கட்டடத்துக்குப் பின்பக்கம் அது. ஒரு கொய்யா மரம், கொஞ்சம் புல், மீதி மண். என் வீட்டுக்காரர் சிஞ்ச்வட்டில் லேத் ஓட்டுகிறார். இருட்டிய பிறகுதான் வருவார்.

ஜூனில் மழை பிடித்தது. இங்கே பிடித்தால் லேசில் விடாது. பிள்ளைகள் ரெயின்கோட் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் கோட்டெல்லாம் கொய்யாக் கிளையில் தொங்கும். என் மகள் தேங்கிய தண்ணீரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"ஏய், அது என்ன பாத்ரூமா?" என்பான் மாடிப் பையன்.

"ஆமா. நீ வெளிய போ. நான் குளிக்கறேன்."

அந்த மழையில் ஒருவருக்கும் தும்மல்கூட வரவில்லை.

கணபதி பண்டிகை கழிந்து மழை ஓய்ந்தது. புல் வளர்ந்து நின்றது. தட்டான் பிடித்தார்கள், விட்டார்கள், மறுபடி பிடித்தார்கள்.

தீபாவளிக்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் மண்ணில் கோட்டை கட்டும். செங்கல்லை அடுக்கி, சாக்குப் போட்டு மூடி, சேறு பூசி, கடுகு தூவி முளைக்கவைத்து, மேலே பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தும். கில்லா என்பார்கள். நாங்கள் கட்டியதில்லை. அந்த வருஷம் பிள்ளைகள் விடவில்லை. நானும் சேறு மிதித்தேன்.

"ஆன்ட்டி, தலாவ் வேணும். தண்ணி இல்லாம ராஜா எப்படி இருப்பாரு?" என்றாள் எதிர்வீட்டுப் பெண். குளத்தை அவள் அப்படித்தான் சொல்வாள். பாதித் தமிழ், பாதி இந்தி.

உடைந்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் புதைத்துத் தண்ணீர் ஊற்றினோம்.

"இதுல முதலை விடணும்" என்றாள் என் மகள்.

"முதலை எங்க கெடைக்கும்?"

"மார்க்கெட்ல. கால் கிலோ போதும்."

கடுகு முளைத்துக் கோட்டை பச்சையானது. பக்கத்துக் கட்டடத்து மராத்தி அம்மாள் வந்து பார்த்து, "வா! மதராஸி கில்லா!" என்று கை தட்டினார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

தீபாவளிக்குப் பின்னால் வரும் துளசிக் கல்யாணம் முடிந்ததும் இந்த ஊர்க்காரர்கள் வீடுகளில் கோட்டையைக் கலைத்துவிட்டார்கள். அது வழக்கமாம். எங்களுக்குத் தெரியாது. கட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். கலைப்பதைப் பார்க்கவில்லை.

எங்கள் கோட்டை அப்படியே நின்றது. குளிர் இறங்கும் நேரத்தில் காலம் தப்பி ஒரு மழை பெய்தது. தொட்டி நிறைந்தது. பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காலை வெயிலில் அதைச் சுற்றியே விளையாடினார்கள்.

"அம்மா, ஓடி வா! முதலைக்குட்டி!"

போய்ப் பார்த்தேன். தண்ணீரில் நூல் நூலாக நெளிந்தன. கொசுப்புழு. தொட்டியைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். முதலையைக் கொன்றுவிட்டேன் என்று அவள் சாப்பிடாமல் அழுதாள். அதற்கு முன்னால் எத்தனை கொசு பறந்து போயிருந்ததோ.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தோம்.

பிறகு எல்லாம் கவுண்ட்தான். ரத்தத்தில் பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். அவளுக்கு எண்பதாயிரம். மறுநாள் நாற்பது. படியில், கேட்டில், போனில், எல்லாரும் அதையே கேட்டார்கள். "ஆஜ் கவுண்ட் கித்னா?" இன்றைக்கு எவ்வளவு? எதிர்வீட்டு அம்மா பப்பாளி இலைச் சாறு பிழிந்து கொடுத்தனுப்பினாள். கசப்பு. என் மகள் துப்பிவிட்டாள். பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். கவுண்ட் இறங்குவது நிற்கவில்லை.

ஒரு மத்தியானம் செத்துப்போனாள்.

வீட்டுக்காரர் மண்வெட்டியால் கோட்டையை வெட்டிச் சமமாக்கினார்.

அந்தக் குளிர் முழுக்கத் தோட்டத்தில் யாரும் இறங்கவில்லை. ஏப்ரலில் வெயில் ஏறியது. பிள்ளைகளை எத்தனை நாள் பூட்டிவைக்க முடியும்? இரண்டு பேரும் வந்தார்கள். நானும் கீரையோடு படியில் உட்கார்ந்தேன். பையன் ரப்பர் குழாயைப் பிடித்தான். எதிர்வீட்டுப் பெண் நனைந்து நனைந்து ஓடினாள். சிரித்தாள். பிறகு என்னிடம் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, இப்ப கவுண்ட் எவ்ளோ?"

"எதுக்குக் கண்ணு?"

"கவுண்ட் ஏறினா அவ வந்துருவான்னு மம்மி சொன்னாங்க. ஏறிச்சா?"

ஜன்னலிலிருந்து அவள் அம்மா, "ஏய், உள்ள வாடி!" என்று கத்தினாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"ஏறல கண்ணு. அவ செத்துப்போயிட்டா. இனிமே வரமாட்டா."

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என்னையே பார்த்தாள்.

"கடைசில எவ்ளோ இருந்துச்சு?"

"ஒன்பதாயிரம்."