மட்டிக்குலைக்குப் பக்கத்தில் என் புத்தகம்

எங்கள் மாவட்டத்தில் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பூதப்பாண்டி பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், பையிலிருந்து தன் தொகுப்பை எடுத்து நீட்டிவிடுவார். நாம் யார், எங்கிருந்து வந்தோம் என்பதுதான் எல்லோருக்கும் விஷயம். எனக்கும் அதுதான். என்ன, மற்றவர்கள் ஊரைப் பற்றி எழுதித் தப்பித்துக்கொண்டார்கள். நான் வீட்டைப் பற்றி எழுதி மாட்டிக்கொண்டேன்.

நாலு தலைமுறைக்கு முன் எங்கள் குடும்பத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் கிறிஸ்தவராகி மிஷன் சபையில் சேர்ந்தார். தம்பி தலைப்பாகை கட்டி அய்யாவழி மார்க்கத்தில் நின்றார். வயலைப் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள். கிணற்றைப் பிரிக்க வழியில்லாமல் அதன் நடுவே ஒரு சுவர் எழுப்பினார்கள். இந்தப் பக்கம் நாங்கள் இறைக்கிறோம், அந்தப் பக்கம் அவர்கள். பிரிவதற்கு முன்னால் இருந்த வீட்டுப்பெயரை மட்டும் இரண்டு பக்கமும் அடியோடு விட்டுவிட்டார்கள். அதைச் சொன்னால் எதிர்ப்பக்கத்துக்கும் பங்கு உண்டு என்று ஆகிவிடுமே. நான் அந்தப் பெயரையே என் நாவலுக்குத் தலைப்பாக வைத்தேன்.

சென்னையில் சால்வை போர்த்தினார்கள். ஊரில் பெரியப்பா, சபைக் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கத்தாரைப் பற்றித்தான் கூடுதல் எழுதியிருக்கிறேனாம். அந்தப் பக்கத்துச் சித்தப்பாவுக்கும் அதே குறை, ஆளை மட்டும் மாற்றி. கேட்டால் இரண்டு பேரும் புத்தகத்தைத் தொடவே இல்லை என்றார்கள். தொடாமலே எப்படி அளந்தார்களோ! யாருக்காக எழுதினேனோ அந்த இரண்டு வீடும் சீந்தாத புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அப்போதுதான் அறுப்பின் பண்டிகை வந்தது. முதல் விளைச்சலை ஆலயத்தில் கொண்டுபோய் வைப்போம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். அம்மா நார்ப்பெட்டியில் தேங்காயும் வெள்ளரிக்காயும் அடுக்கி, அதற்கு மேல் என் புத்தகத்தை வைத்தாள்.

“அம்மா, மானத்த வாங்காத.”

“முருங்க காச்சா கொண்டு போறோம், கோழி முட்டையிட்டா கொண்டு போறோம். இது ஒனக்க விளைச்சல்தானே மக்கா?” என்று பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஏலத்துக்குச் சபையார் மட்டுமல்ல, ஊரே வரும். விரல் நீளமே இருக்கும் எங்கள் ஊர் மட்டி வாழைப்பழத்துக்கு அப்படி ஒரு மவுசு. சித்தப்பாவும் மட்டிக்குலையைக் குறிவைத்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். முதலில் ஆட்டுக்கிடா போனது. பிறகு குலை. ஏலம் விட்ட வாத்தியார் அதன் பக்கத்திலிருந்து என் புத்தகத்தை எடுத்து, அட்டையைப் பார்த்ததும் தலைப்பை அப்படியே முழுங்கிவிட்டு, “ஒரு புத்தகம்” என்றார் மைக்கில்.

“பத்து ரூவா,” என்றது ஒரு குரல். முற்றமே சிரித்தது. காது சூடேறிவிட்டது எனக்கு. நானே கேட்டு எடுத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“நூறு.” பெரியப்பா.

பரணில் போட்டுப் புதைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

“எரநூறு.” வேப்பமரத்தடியிலிருந்து.

பெரியப்பா திரும்பினார். “ஏலே, ஒனக்கு எதுக்கு இது? கெணத்துச் சொவரக் கெட்டினது ஒங்க ஆளுன்னு போட்டிருக்கே, அத மறைக்கவா?”

“பஞ்சத்துல சொவருக்கு மேல கஞ்சிப்பானைய நீட்டினதும் எங்க ஆளுன்னு அடுத்த பக்கத்துல உண்டு. அத வாசிக்கலியா?”

“வாசிச்சேம்லே!”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முற்றம் இன்னொரு முறை சிரித்தது. இந்தத் தடவை நானும் சிரித்தேன். இரண்டு பேரும் வாசித்திருக்கிறார்கள், அதுவும் வரி விடாமல்! சென்னைச் சால்வை கொடுக்காத சந்தோஷம் அது.

ஏலம் ஐந்நூறு, ஆயிரம் என்று ஏறியது. கிடாவுக்காகக் குலசேகரத்திலிருந்து வந்து, அது கிடைக்காமல் நின்றிருந்த ரப்பர் வியாபாரி ஒருவருக்கும் ஆசை வந்துவிட்டது. “இந்தச் சண்ட போடுத அளவுக்கு அதுல என்னதான் இருக்குன்னு பாப்போம்,” என்று கிடாவின் விலையையே கேட்டுவிட்டார்.

பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் அவரை முறைத்தார்கள்.

“வெளியாளு எடுக்கப்பிடாது. இது எங்க குடும்பத்துக் காரியம்,” என்றார் பெரியப்பா.

சித்தப்பா வேப்பமரத்தை விட்டு முற்றத்தைக் கடந்து வந்தார். “அண்ணே, சேந்து எடுப்போமா?”

அவர் பெரியப்பாவை அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. மோட்டார் பழுதானால் மட்டும், அதுவும் சுவரைப் பார்த்துப் பேசிக்கொள்கிறவர்கள். பெரியப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி ஐந்நூறு கூட்டினார். வியாபாரி சிரித்தபடி ஒதுங்கிக்கொண்டார். வாத்தியார் மூன்று தரம் சொல்லி முடித்தார். என் புத்தகம் ஆட்டுக்கிடாவைத் தாண்டிவிட்டது.

“ரசீது ஆருக்க பேர்ல எழுத?” என்றார் வாத்தியார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா மைக்கை வாங்கி, தொண்டையைச் செருமி, நாலு தலைமுறையாக யாரும் சொல்லாத அந்த வீட்டுப்பெயரை ஊர் கேட்கச் சொன்னார். “அதேதான், எழுதும்” என்றார் சித்தப்பா.

நான் கைதட்டினேன். வெட்கமே இல்லாமல், உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன்.