மணி ஓய்ந்த வெள்ளிக்கிழமை

கல்யாணமான வருஷமே என் வீட்டுக்காரர் என்னையும் ஒரு நாய்க்குட்டியையும் தம் தாயாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். எங்கள் இருவரில் யாரைப் பார்த்து மாமியின் முகம் அதிகம் சுளித்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "நீ தனியா இருக்கக் கூடாதுன்னுதான் கொண்டாந்தேன்" என்று அவர் என்னிடம் சொன்னார். மாமிதான் கூடவே இருக்கிறார்களே, பிறகு நான் எப்படித் தனி என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குட்டி எனக்கு வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அலமாரியிலிருந்து அம்மி வரை எல்லாம் மாமியுடையது. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய தெரு, கோவிலுக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீருக்குத் தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்துக் கிடக்க வேண்டும். அதை எடுத்துத் தரையில் கொட்ட யாருக்கு மனசு வரும்? குட்டி ஒன்றுக்கு இருந்த இடத்தையெல்லாம் உப்புத் தண்ணீரில்தான் துடைத்தேன். சிவப்புத் தரை காய்ந்ததும் அந்தந்த இடம் வெள்ளையாகப் பூத்துவிடும். மாமி சாயங்காலம் அந்தத் திட்டுகளை வரிசையாகக் காட்டிக்கொண்டே நடப்பார்கள். "இது இன்னைக்கு. இது நேத்து. இது பீடத்துக்குக் கீழ, ஆண்டவர் காலடியில."

குட்டிக்குப் பெயர் வைக்கவும் விடவில்லை. பெயர் வைத்தால் தங்கிவிடுமாம். உப்பளத்துக் காவல்காரர் ஒருவர் நாய் கேட்டிருந்தார். "பாஸ்கு வரைக்கும் பாப்பேன். பாஸ்கு முடிஞ்சா சாமியார் வீடு மந்திரிக்க வருவாரு. அதுக்குள்ள இது அடங்கலைன்னா உப்பளத்துக்குத்தான்" என்று மாமி ஈஸ்டர் வரைக்கும் கெடு வைத்தார்கள்.

நான் மில்லர்புரத்தில் வளர்ந்தவள். எங்கள் பக்கம் நாய்கள் தெருவில் பிறந்து தெருவிலேயே பெரியதாகும். யாரும் எதற்கும் ஒன்றும் கற்றுக்கொடுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த டீச்சர்களிடம் கேட்டேன். மூக்கைப் பிடித்து அதிலேயே தேய், புத்தி வரும் என்றார் ஒருவர். தேய்த்தேன். அது விளையாட்டு என்று நினைத்து என் கையை நக்கியது. மூலையில் பழைய பேப்பரை விரித்து வை என்றார் இன்னொருவர். விரித்தேன். குட்டி பேப்பரில் சுருண்டு நன்றாகத் தூங்கியது, எழுந்து பக்கத்துத் தரையை நனைத்தது. அடி என்றவரும் உண்டு, அடிக்கவே கூடாது என்றவரும் உண்டு. எல்லோரும் நிச்சயமாகச் சொன்னார்கள். எனக்கு மண்டை காய்ந்தது.

கடைசியில் எனக்குத் தோன்றியதைச் செய்தேன். எங்கள் தெருவில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. விடியற்காலைப் பூசைக்கு மணி, நடுப்பகலில் மூவேளைச் செபத்துக்கு மணி, சாயங்காலம் மணி, இரவு எட்டு மணிக்கு மரித்தவர்களுக்காக ஒரு மணி. மணி கேட்டதும் குட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டு முருங்கைமரத்தடிக்கு ஓடினேன். ஒன்றுக்கு இருந்து முடித்ததும் ஒரு துண்டு ரொட்டி. நான் பள்ளிக்கூடம் போயிருக்கும் நடுப்பகல் மணிக்குத்தான் வழியில்லை. அந்தத் திட்டு ஒன்றைத் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் பாதி போவதற்குள் ஓர் அதிசயம் நடந்தது. மணி அடித்ததும் குட்டி தானாக எழுந்து, காதை விறைத்து, பின்கதவைப் பார்த்து நின்றது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் மாமி அதை வேறு மாதிரிப் பார்த்தார்கள். மணி கேட்டால் வீட்டில் எல்லோரும் எழுந்து நின்று செபம் சொல்வது அவர்கள் வழக்கம். "பாத்தியாளா? மணிக்கு எழும்பி நிக்கி. மனுசப் பயலுவ எழும்ப மாட்டாங்கானுவ, வாயில்லா ஜீவன் எழும்புது!"

அதோடு விட்டிருந்தால் சரி. தெருவில் ஒரு சாவு விழுந்து துக்கமணி அடித்தபோதும் குட்டி எழுந்து நின்றது. மாமியின் கண் கலங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பூசை முடிந்து சாமியாரிடமும் சொல்லியிருக்கிறார்கள். அவர் சிரித்தாராம். குட்டி அவசரத்தில் நிற்கிறது மாமி, பக்தியில் இல்லை என்று என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். பக்தி என்று நினைப்பதால்தானே குட்டிக்கு இப்போது மீன்முள் விழுகிறது.

ஆனால் அந்தப் பக்தியிலும் ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது. சாயங்கால மணிக்கு நான் குட்டியோடு ஓடுவதை மாமி தடுத்தார்கள். "செபத்தச் சொல்லிட்டுப் போளா. அதுவும் நிக்கட்டும்." செபம் முடிவதற்குள் குட்டி பொறுக்க மாட்டாமல் சுற்றிச் சுற்றி வரும். நான் அருள்நிறை மரியே சொல்கிறேனா, கொஞ்சம் பொறு என்று குட்டியிடம் சொல்கிறேனா என்று எனக்கே குழம்பிவிடும். ஆனாலும் திட்டுகள் குறைந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் நடுப்பகல் திட்டுகூட இல்லை. எப்படி மாமி என்று கேட்டால், "அது பாட்டுக்குக் கெடக்கு" என்று குசினிக்குள் போய்விடுவார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குட்டிக்கு வயது கூடுகிறது, அடக்கிக்கொள்ளப் பழகுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பெரிய வியாழன் வந்தது. அன்று பூசையில் வானவர் கீதம் பாடும்போது கோவிலின் எல்லா மணிகளும் ஒன்றாக அடிக்கும். அதற்குப் பிறகு சனிக்கிழமை இரவு உயிர்ப்புப் பூசை வரை ஒரு மணியும் கிடையாது. மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். நாங்கள் பூசை முடிந்து வீட்டைத் திறந்தால் பின்கதவை ஒட்டி ஒரு குளம். பூட்டிப் போட்ட வீட்டில் குட்டி என்ன செய்யும் என்று மாமியே சொல்லிவிட்டார்கள். நானும் அதை அப்படியே விட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முருங்கையடியில் விட்டேன். மண்ணை மோந்தது. மணிக்கூண்டு இருக்கும் திசையில் காதைத் திருப்பியது. கொட்டாவி விட்டு என்னைப் பார்த்தது. ரொட்டியைக் காட்டினேன், கெஞ்சினேன், அதட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே கொண்டுவந்து விட்டேன், கொஞ்ச நேரத்தில் நடுவீட்டில் நனைத்தது. மறுபடி வெளியே, மறுபடி சும்மா நின்றது. மறுபடி உள்ளே வந்து, மாமி சிலுவைப்பாதைக்குப் போகவென்று மடித்துப் பாய்மேல் வைத்திருந்த வெள்ளைச் சேலையில் நனைத்தது.

மாமி பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஒருசந்தி. அந்தச் சேலையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்கள். "பெரிய வெள்ளியில நான் கோவப்பட மாட்டேன். நாளைக்கு ஆள்ட்ட சொல்லிவிடு. உப்பளத்துக்குப் போவட்டும்" என்றார்கள்.

அத்தனை நாள் ஒழுங்காக இருந்ததற்கு இன்றைக்கு என்ன கேடு? சுகமில்லையோ என்று வயிற்றைத் தடவிப் பார்த்தேன். மூக்கு ஈரமாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் எந்தக் கடலில் இருக்கிறார் என்றே தெரியாது, அவரைக் கேட்கவும் முடியாது. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடுப்பகலில் கோவில் பக்கமிருந்து மரக்கட்டை தட்டும் சத்தம் கேட்டது. குட்டி தலையைத் தூக்கியது. மறுபடி கீழே போட்டுவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்குள் ஒன்றுக்கு இருக்கக் கூடாது என்று இது படிக்கவே இல்லை. மணி அடித்தால் இருக்க வேண்டும் என்று மட்டும் படித்திருக்கிறது. மணி இல்லையென்றால் உள்ளும் வெளியும் அதற்கு ஒன்றுதான்!

காரணம் தெரிந்ததும் குழப்பம் இரட்டிப்பானது. சொன்னால் குட்டியின் பக்தி அம்பலமாகிவிடும், பிறகு மாமி அதை ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் நாளைக்கு உப்பளம். வீட்டுக்காரரின் சைக்கிள் நடையில் நின்றது. அதன் மணியை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கலாம் என்று கை போனது. பெரிய வெள்ளிக்கு அந்த வீட்டில் உலக்கை எடுப்பதில்லை, ஆணி அடிப்பதில்லை, ரேடியோவுக்குத் துணி போட்டு மூடியிருக்கும். ஆண்டவர் மரித்த நாளில் மணியடித்த மருமகள் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று கையை எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணி வழிபாட்டுக்குப் புறப்படும் நேரம். மாமி வேறு சேலை உடுத்தி முக்காடு போட்டு நின்றார்கள். "நீ முன்னால போளா. நான் கதவப் பூட்டிட்டு வாரேன்." எனக்கு ஆச்சரியம். கோவிலுக்கு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் முழங்கால் போடுகிறவர்கள் அவர்கள். பாதித் தெரு போனபிறகுதான் செபப்புத்தகத்தை மறந்தது நினைவுக்கு வந்தது. பின்சந்து வழியாகத் திரும்பினேன்.

பின்கட்டுச் சுவர் என் தோளுயரம்தான். முருங்கையடியில் மாமி குந்தியிருந்தார்கள். கையில் ஜெபமாலை. எதிரே குட்டி. மாமி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வாய்க்குள்ளேயே, "டாங்... டாங்... டாங்..." என்றார்கள். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று முறை. எங்கள் கோவில் மணி அடிக்கிற அதே கணக்கில். குட்டி காதை விறைத்தது. அப்படியே உட்கார்ந்து, நிறைய நேரம் ஒன்றுக்கு இருந்தது.

"சீக்கிரம் இரி. அங்கன எல்லாரும் வந்துருப்பாவ" என்றார்கள் மாமி. முந்தானையிலிருந்து ரொட்டித்துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

புத்தகம் இல்லாமலே கோவிலுக்கு ஓடினேன். எப்போதிருந்து தெரியும் இவர்களுக்கு? நடுப்பகல் மணிக்கெல்லாம் இவர்கள்தான் வெளியே கொண்டுபோய் விட்டார்களா? அப்படியானால் துக்கமணிக்குக் கண் கலங்கியது? சாமியாரிடம் சொன்னது? என்னை ஏய்த்தார்களா, தங்களையே ஏய்த்துக்கொண்டார்களா? ஆண்டவர் பட்ட பாடுகளின் வாசகம் முழுவதும் இதே கேள்விதான் எனக்குள் சுற்றியது. மாமி பிந்தி வந்து என் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். முக்காட்டுக்குள் முகம் தெரியவில்லை. எனக்கு அவர்களைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அந்த வீட்டுக்கு வந்தபிறகு அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை. மணி இன்னும் இல்லை. உப்பளத்துக்கு யாரிடம் சொல்லிவிட என்று நான் கேட்கவில்லை, மாமியும் எடுக்கவில்லை. "நீ குசினியப் பாரு. நான் இத வெளிய விட்டுட்டு வாரேன்" என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்கள். நான் பெரிய அண்டாவை இழுத்துப் போட்டு, ஒரு குடம் நல்ல தண்ணீரை ஊற்றி, கரண்டியும் தட்டும் மோதி உருள, தெருவுக்கே கேட்கிற மாதிரி பாத்திரம் கழுவினேன். எனக்கு வெளியே ஒன்றும் கேட்கவில்லை என்று மாமிக்குத் தெரிய வேண்டும். திரும்பி வந்தவர்கள் காலியான குடத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நல்ல தண்ணீரை வீணாக்கினாய் என்று அன்றைக்கு அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.